சிவப்புப் பொட்டு வைத்த மடிக்கணினி

கேள்வி: ஐயா, 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது என் மகன் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். பாடமெல்லாம் இயங்கலையில். வீட்டில் இருந்ததோ என் கணவரின் திறன்பேசி ஒன்றுதான். கடைகள் திறந்ததும் என் வளையலை அடகு வைத்து, புதுப்பித்து விற்ற, விசைப்பலகை நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த பழைய திங்க்பேட் டி470 மடிக்கணினி ஒன்றை 1,350 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். (வளையலை மீட்டாகிவிட்டது.) மகன் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. புதுக் கணினி வாங்கிக்கொண்டான். "அது பழசும்மா, விண்டோஸ் 10 செத்துப்போச்சு, யாருக்காவது கொடுத்துடுங்க" என்கிறான். என் நாத்தனார், முதலாம் படிவம் படிக்கும் தன் மகளுக்குக் கேட்கிறார். கடைக்காரர் 200 ரிங்கிட் தருகிறேன் என்கிறார். என் கணவர், "அலமாரியில் கிடக்கட்டும், சோறா கேட்கிறது?" என்கிறார். நான் அதில் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. மாலையில் தமிழ் 99 விசைப்பலகை பழகுகிறேன், என் அம்மா சொன்ன சமையல் குறிப்புகளை எழுதி வைக்கிறேன், மாதர் பிரிவின் வரவு செலவைப் போடுகிறேன். வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை எதில் தட்டச்சு செய்தீர்கள்? இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி, திறன்பேசியில் கட்டை விரலால் தட்டியவை. ஒற்றுப் பாதி காணாமல் போயிருக்கும், 'ழ'வும் 'ள'வும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். உங்கள் கடிதம் ஒரு முழுப் பக்கம், பத்தி பிரித்து, பிழையில்லாமல் வந்திருக்கிறது. அந்தத் திங்க்பேட்டில்தானே அடித்தீர்கள்?

அப்படியானால் கொடுக்காதீர்கள். என் பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் உங்கள் வீட்டில் நாலு பேரும் கேட்கப்போகிற கேள்விகளுக்கு.

மகனிடமிருந்து தொடங்குவோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மைதான். ஆனால் அன்று இரவு எந்தக் கணினியும் சாகவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். கதவு பூட்டும், ஆனால் பூட்டு பழுதானால் பூட்டுக்காரர் வரமாட்டார். பூட்டு எல்லாருக்கும் தெரிந்த மாடல் என்பதுதான் சிக்கல். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் சில்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் வேண்டும் என்று விதி. உங்கள் டி470-இல் இருப்பது பெரும்பாலும் ஏழாம் தலைமுறை. அடுத்த ஆண்டே வந்த அதன் தம்பி டி480 உள்ளே போகலாம், இது வாசலில் நிற்க வேண்டும். ஓராண்டு முந்திப் பிறந்த குற்றம்! மற்றபடி வேகத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. கோப்பு எழுத, கணக்குப் போட, காணொளி பார்க்க இது தாராளமாகப் போதும்.

விதியைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத்தர ஆள் கிடைப்பார்கள். போட்டால் ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு நான் அதைச் செய்யமாட்டேன். வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை, 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். அதில் சேர்ந்துகொண்டால் அவசரமில்லாமல் யோசிக்கலாம்.

யோசித்து முடித்ததும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். காசு கிடையாது. ஒரு பென்டிரைவ் போதும், மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. பார்க்கக் கிட்டத்தட்ட பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். கணக்குக்கும் கடிதத்துக்கும் லிப்ரே ஆபீஸ் அதிலேயே வரும். தமிழ் 99-உம் உண்டு, அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் நீங்கள் பழகியிருந்தால், அது லினக்ஸுக்கு வராதே என்று கவலைப்பட வேண்டாம். தமிழ் 99 எங்கே இருந்தாலும் தமிழ் 99-தான். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி ஒரே அமைப்பாகப் பேசி முடித்ததன் பலன் அது. அ-வுக்கு இடக்கைச் சுண்டுவிரல், க-வுக்கு வலக்கைச் சுட்டுவிரல். உங்கள் விரலுக்கு அது ஏற்கனவே தெரியும். விண்டோஸா லினக்ஸா என்று விரல் கேட்காது.

அடுத்து உங்கள் கணவர். சோறு கேட்கவில்லையே என்கிறார். ஐயா மன்னிக்க வேண்டும், கேட்கும். என் கதையைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் 27 ஆண்டுகள் சில்லு சோதிக்கும் வேலை பார்த்தவன் நான். இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியவன். அப்படிப்பட்ட நானே ஒரு மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உப்பு மூட்டை மாதிரி ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும் உள்ளே போட்டு, அலமாரி மேல்தட்டில் வைத்தேன். யாருக்காவது ஆகும் என்றுதான். நாலு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால், உள்ளே பேட்டரி வீங்கி, டச்பேட் ஆப்பத்தின் நடு மாதிரி எழும்பி நிற்கிறது. மூடி மூடவில்லை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னீங்களா?" என்றார். நான் என்ன பதில் சொல்வது?

சும்மா கிடக்கிற பேட்டரியிலும் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அடிமட்டத்துக்குப் போய்விட்டால் கெட்டுவிடும். நிறைய ஏற்றி வெக்கையில் வைத்தாலும் கெடும். பாதியளவு ஏற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். நம் ஊர் ஈரக்காற்று வேறு இருக்கிறது. செருப்புக்கே பூஞ்சை பிடிக்கிற தீவு இது. ஆக, அலமாரியில் வைப்பது என்பது வைத்துக்கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. உங்கள் வீட்டில் பேசப்படும் யோசனைகளில் மோசமானது இதுதான். கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

உங்கள் டி470-இல் பேட்டரி இரண்டு. பின்பக்கம் கையால் கழற்றுவது ஒன்று, உள்ளே மணிக்கட்டு வைக்கும் இடத்துக்குக் கீழே ஒன்று. வெளியே இருப்பதை மாற்றுவது சுலபம், கணினியை அணைக்கக்கூட வேண்டாம். உள்ளே இருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கணினி 2017 வாக்கில் வந்த மாடல் என்பதால், பேட்டரியை யாரும் மாற்றவில்லை என்றால் அதற்கு வயதாகிவிட்டது. மேசையில் வைத்துப் பாருங்கள். நாலு காலும் சமமாக நிற்கிறதா? டச்பேட் அழுத்தினால் முன்போல 'டிக்' என்று கேட்கிறதா? கேட்கவில்லை, எழும்பி நிற்கிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு மாற்றுங்கள். வீங்கிய பேட்டரியைக் குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். தீப்பிடிக்கும்.

கடைக்காரரின் 200 ரிங்கிட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் ஏமாற்றவில்லை. இந்த மாதிரிக் கணினிகள் பெரும்பாலும் நிறுவனங்கள் மூன்று நாலு ஆண்டு குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தவை. மொத்தமாக வாங்கி, துடைத்து, புது எஸ்எஸ்டி (சேமிப்பகம்) போட்டு விற்பது அவர் தொழில். அவர் கணக்கில் 200 சரி. உங்கள் கணக்கு வேறு.

இப்போது நாத்தனார். கணினியைவிட இதுதான் கஷ்டமான பகுதி.

பழைய கணினியை உறவுக்காரருக்குக் கொடுக்கும்போது கூடவே நம்மையும் கொடுக்கிறோம். 2009-இல் என் மேசைக்கணினியை நெருங்கிய சொந்தத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தொலைபேசி. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, படம் திறக்கவில்லை, பையன் ஏதோ விளையாட்டை இறக்கியதிலிருந்து திரை நீலமாகிவிட்டது. கடைசியில் ஹார்ட் டிஸ்க் போனதும் ஒரு கல்யாண வீட்டில் வைத்து, "நீங்க கொடுத்ததுதானே" என்றார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அந்த வார்த்தை. இன்றுவரை அந்தப் பாயசத்தின் ருசி எனக்கு நினைவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் கெட்டால் கடையைத் திட்டுவார்கள். சும்மா வந்த பொருள் கெட்டால் கொடுத்தவரைத் திட்டுவார்கள்.

ஆனால் முதலாம் படிவப் பிள்ளைக்குக் கணினி தேவை, அதை மறுக்க முடியாது. பள்ளி வேலை பெரும்பாலும் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில், கூகுள் கிளாஸ்ரூமில். உலாவி நன்றாக ஓடும் எந்தக் கணினியும் போதும். அதனால் நாத்தனாரிடம் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "வாங்க அண்ணி, நானே கூட வரேன், நல்லதா ஒண்ணு பார்த்து வாங்குவோம்" என்று சொல்லுங்கள். (அவர் இளையவர் என்றால் அண்ணியை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.) நீங்கள் ஏற்கனவே ஒன்று வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவசாலி. சில்லின் பெயரில் ஐ5 என்ற எழுத்துக்குப் பிறகு வரும் நாலு இலக்க எண் 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. புது டி480 மாதிரி ஒன்றைக் கேளுங்கள் என்று சொல்லமாட்டேன், புதுப்பித்த டி480 போதும். கடையிலேயே அணைத்துத் திறந்து பாருங்கள், எல்லா விசையையும் தட்டிப் பாருங்கள், மூடியை நாலு தடவை திறந்து மூடுங்கள், தொடக்கத்தில் எஃப்1 அழுத்தி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போகும்போது கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வேண்டாம். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது, லேசில் திறக்காது.

அவரால் இப்போது வாங்க முடியாத நிலை என்றால் கதை வேறு. அது உங்கள் கடிதத்தில் இல்லை. அப்படியென்றால் மாலை ஏழு மணி வரை பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போகட்டும். அதற்கென்று கணினியில் தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து கொடுங்கள். அதுவும் கொடுப்பதுதான்.

இன்னும் ஒன்று. "நான் அதில் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை திறந்த காலத்திலிருந்து, பாயான் லெப்பாஸ் ஆலைகளில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. இரவு வேலை முடிந்து ஆலைப் பேருந்தில் வந்து இறங்குவார், கண் சிவந்திருக்கும். அவர் ஒட்டிய சில்லு வைத்த கணினி எந்த நாட்டில் யார் மேசையில் இருந்ததோ. வீட்டுக்கு முதல் கணினி வந்தபோது மட்டும், "எனக்கென்னடா தெரியும், நீ தொடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். உங்கள் வரியைப் படித்ததும் அவர் நின்ற இடம்தான் ஞாபகம் வந்தது. வளையல் உங்களுடையது. கணினி மட்டும் எப்படி மகனுடையது ஆனது?

அம்மாவின் குறிப்புகளை இன்றைக்கே பென்டிரைவில் ஒரு நகல், இணையச் சேமிப்பில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். எந்த எஸ்எஸ்டி-யும் சொல்லிவிட்டுச் சாவதில்லை. அப்புறம், கணினியைத் திறந்ததும் யார் பெயர் வருகிறது? மகன் பெயர்தான் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 மேசைக்கணினிகளை மாற்றுகிறார்கள். நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். அருகில் உள்ள தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடையாகத் தர நினைக்கிறோம். என்னென்ன செய்ய வேண்டும்?

– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பன்னிரண்டையும் கொடுக்காதீர்கள். ஆறு கொடுங்கள்.

நானும் ஒரு காலத்தில் ஆலையில் கழித்துவிட்ட ஏழு கணினிகளை லாரியில் ஏற்றி ஓரிடத்துக்குக் கொண்டுபோனேன். மாலை, பொன்னாடை, படம் எல்லாம் ஆயிற்று. ஆறு மாதம் கழித்துப் போனபோது ஏழும் பூப்போட்ட மேசைத்துணிக்குக் கீழே இருந்தன. கணினி தெரிந்த ஒரே ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டாராம். ஒன்றுக்குக் கடவுச்சொல் தெரியவில்லை, இரண்டுக்கு மின்கம்பி இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. வேண்டுமா என்று நான் கேட்கவே இல்லை, வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆகவே முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள். எந்த அறை, எத்தனை மின்செருகி, யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். திரையோடு சேர்த்து ஒரு கணினிக்கு 100 வாட் என்று வைத்தாலும், பன்னிரண்டு ஓடினால் 1,200 வாட் வெக்கை. குளிரூட்டி இல்லாத வகுப்பறையில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். அவர் வேண்டும் என்றால், ஆறின் ரேமைக் கழற்றி மற்ற ஆறில் போட்டு 8 ஜிபி ஆக்குங்கள். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். இந்தச் செலவை அலுவலகம் ஏற்கட்டும், நன்கொடை என்பது அதுதான். லினக்ஸ் போட்டு, தமிழ் விசைப்பலகையும் அமைத்து, கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் அடித்துக் கையில் கொடுங்கள். மீதி ஆறில் நல்லதாக ஒன்றை உதிரிப் பாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை உங்களில் ஒருவர் போய்ப் பார்க்க முடியுமா? முடியாது என்றால் ஆறையும் மூன்றாகக் குறையுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க் அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது. கோப்பை 'அழி' என்று கொடுத்தால் கணினி வீட்டு எண்ணைத்தான் துடைக்கிறது, வீடு அப்படியே நிற்கும். வாடிக்கையாளர்களின் மைகார்டு (அடையாள அட்டை) நகலெல்லாம் அதில் இருக்கும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்கட்டும். துளைக்கும் இயந்திரத்தால் தட்டுகளின் ஊடே இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். பயோஸ் கடவுச்சொல் ஏதும் போட்டிருந்தால், அதைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போவதற்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பவற்றை, "சூராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று மலாயில் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்குப் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்றவரிடம்தான் அது போக வேண்டும். அலுவலகம் என்பதால் இதை ஒழுங்காகச் செய்து, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தை வாங்கிய பென்டியம் கணினி, விண்டோஸ் 98, பெரிய கண்ணாடித் திரையோடு இருக்கிறது. ஓடவில்லை. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் போட்டுவிடு என்கிறார்கள். மனம் வரவில்லை.

– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: மனம் வரவில்லை என்றால் வையுங்கள். இதற்கு என்னிடம் அனுமதி எதற்கு?

ஆனால் அப்பா அதில் எழுதியது, சேர்த்தது ஏதாவது இருக்கும். அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, பழைய ஐடிஇ வட்டை யுஎஸ்பி-யில் இணைக்கும் கம்பி ஒன்று வாங்கினால் படித்துவிடலாம், தட்டு இன்னும் சுற்றினால். சுற்றும்போது 'டக் டக்' என்று அடித்தால் உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள், மறுபடி மறுபடி முயன்று பார்க்காதீர்கள். கண்ணாடித் திரையில் ஈயம் கலந்திருக்கும், அதை மட்டும் மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடலாம். அதன்மேல் யாருக்கும் பாசம் இருந்ததில்லை. பெட்டியையும் விசைப்பலகையையும் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டாமல் வையுங்கள். என் அப்பாவின் தட்டச்சு இயந்திரத்தை நான் சுத்தம் செய்தபோது உள்ளிருந்து ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. திருப்பி உள்ளேயே போட்டுவிட்டேன்.